60 அலுவலகக் கணினிகளை மாற்ற வேண்டும்: ஸ்பெக்கை எதை வைத்து முடிவு செய்வது?

கயல் (கேள்வி):

வணக்கம். அலுவலக நிர்வாகம் என் பொறுப்பு. ஹார்டுவேர் என் துறை இல்லை. எங்களிடம் 60 கணினிகள்: 42 டெஸ்க்டாப், 18 லேப்டாப். எல்லாவற்றிலும் விண்டோஸ் 10. ஏறக்குறைய பாதி இன்டெல் 6, 7-ஆம் தலைமுறை. மற்றவை 8-லிருந்து 10 வரை. கணக்குப் பிரிவில் பெரிய எக்செல் கோப்புகளும் கணக்கு மென்பொருளும் ஓடும். விற்பனைப் பிரிவுக்கு பிரௌசரும் வீடியோ மீட்டிங்கும்தான். வடிவமைப்பில் நாலு பேர். எல்லோருடைய புகாரும் ஒன்றே: "சிஸ்டம் ஸ்லோ."

மூன்று கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். முதலாவதில் எல்லோருக்கும் ஐ7, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. இரண்டாவதில் ஐ5, 16 ஜிபி, 512 ஜிபி. இரண்டுக்கும் தொகை கிட்டத்தட்ட ஒன்றுதான். மூன்றாவது ஆள் கூடுதல் விலை சொல்லி, "இனி ஏஐ பிசிதான், வேறு எதை வாங்கினாலும் வீண்" என்கிறார். இவற்றை எப்படி ஒப்பிடுவது? பழையதில் எதையாவது காப்பாற்ற முடியுமா? கொட்டேஷனில் என்னென்ன எழுத்தில் இருக்க வேண்டும்?

இளங்கோ:

கயல் மேடம், கொட்டேஷன்களைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். "ஸ்லோ" என்ற ஒரு சொல்லுக்குள் நாலைந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். எது என்று தெரியாமல் வாங்கினால் புதுக் கணினியும் அதே இடத்தில் திணறும்.

பிரிவுக்கு இரண்டு கணினி எடுத்து, வேலை உச்சத்தில் இருக்கும்போது பாருங்கள். காலையில் ஆன் செய்தவுடன் பார்த்துப் பயனில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம். மெமரியில் "கமிட்டட்" என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், கணினியில் உள்ள ரேம் அளவைத் தாண்டியே நின்றால் ரேம் பற்றவில்லை. அடுத்து டிஸ்க். "ஆக்டிவ் டைம்" 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு, படிக்கும் வேகம் மட்டும் நொடிக்கு ஒன்றிரண்டு எம்பி என்று காட்டினால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். சுழலும் டிஸ்க்கில் இங்கும் அங்கும் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை நொடிக்குச் சுமார் நூறு முறைதான் எடுக்க முடியும். எஸ்எஸ்டி பல்லாயிரம் முறை எடுக்கும். மூன்றாவது சிபியு. அதன் வரைபடத்தில் வலது கிளிக் செய்து "லாஜிகல் பிராசசர்ஸ்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தம் 15 சதவீதம் என்று காட்டும்போதே ஒரே ஒரு கட்டம் மட்டும் நிறைந்து நிற்கலாம். பழைய பாணிக் கணக்கு மென்பொருளில் இது சகஜம். அதற்குக் கோர்களை (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) கூட்டிப் பலனில்லை, ஒற்றைக் கோரின் வேகம்தான் முக்கியம்.

அலுவலக வேலையில் பெரும்பாலும் முதல் காரணம் ஹார்ட் டிஸ்க், இரண்டாவது ரேம். பிராசசர் வெகு அபூர்வம். அதனால் உங்கள் முதல் கொட்டேஷனை நான் இப்போதே ஒதுக்கிவிடுவேன். ஐ7-உடன் 8 ஜிபி என்பது பணத்தைத் தவறான இடத்தில் கொட்டுவது. உள்ளமைந்த கிராஃபிக்ஸும் அந்த 8 ஜிபியிலிருந்தே தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மீட்டிங்கும் இருபது பிரௌசர் டேப்பும் சேர்ந்து திறந்தால் முடிந்தது. கணக்குக்கும் விற்பனைக்கும் 16 ஜிபி, வடிவமைப்புக்கு 32 ஜிபி. இதில் பேரம் வேண்டாம்.

பிராசசர் பெயர். "ஐ7" என்று மட்டும் எழுதினால் அதில் தகவலே இல்லை. முழு மாடல் எண் கேளுங்கள். ஐ5-6500 என்றால் 6-ஆம் தலைமுறை, ஐ5-10400 என்றால் 10. பழைய தலைமுறை ஐ7-ஐ விடப் புதிய ஐ5 வேகமாக இருப்பது சாதாரணம். கடைசி எழுத்தும் முக்கியம். லேப்டாப்பில் யு என்றால் மின்சாரம் குறைவாக எடுப்பது, ஹெச் என்றால் கனமான வேலைக்கு. டெஸ்க்டாப்பில் டி என்றால் 35 வாட்டுக்குக் கட்டுப்படுத்தியது. எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸே கிடையாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் வந்தால் மானிட்டரில் எதுவும் தெரியாது. 2023 டிசம்பரில் இருந்து "கோர் அல்ட்ரா" என்ற பெயர் வந்துவிட்டதால் "ஐ" இல்லாத மாடலைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஏஎம்டியின் 7000 வரிசை லேப்டாப்களில் இன்னொரு பொறி. மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். ரைசன் 5 7520யு-வில் இருப்பது ஜென் 2, 7530யு-வில் ஜென் 3, 7540யு-வில் ஜென் 4. மூன்றும் ஒரே வரிசைதான், ஆனால் முதலாவதுக்கும் கடைசிக்கும் நடுவே பெரிய இடைவெளி.

ரேமில் அளவோடு நிறுத்தாமல், ஒரே குச்சியா (செருகும் ரேம் பலகை), இரண்டா என்று கேளுங்கள். இரண்டு 8 ஜிபி போட்டால் இரண்டு சேனலும் வேலை செய்யும், உள்ளமைந்த கிராஃபிக்ஸ் நன்றாக ஓடும். ஒற்றை 16 ஜிபி போட்டால் வேகம் சற்றுக் குறையும், ஆனால் இன்னொன்று சேர்க்க இடம் இருக்கும். எக்செல் மட்டும் ஓடும் மேசைக்கு ஒற்றைக் குச்சியே என் தேர்வு. டிடிஆர்4-ஐயும் டிடிஆர்5-ஐயும் மாற்றிப் போட முடியாது. வெட்டின் இடமே வேறு, மின்னழுத்தமும் 1.2 வோல்ட், 1.1 வோல்ட் என்று வேறு. மெல்லிய லேப்டாப்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். வாங்கும் நாளில் என்ன இருக்கிறதோ அதுதான் கடைசி வரைக்கும். 2025 பிற்பாதியிலிருந்து மெமரி விலை ஏறுமுகம்; ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரிக்கு உற்பத்தியாளர்கள் தங்கள் ஆலைகளைத் திருப்பியதே முக்கியக் காரணம். எனவே கொட்டேஷனின் விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

எஸ்எஸ்டியில் வேகப் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். சாட்டா வகை நொடிக்கு 550 எம்பி, பிசிஐஇ 3 என்விஎம்இ சுமார் 3500, பிசிஐஇ 4 சுமார் 7000. கோப்பு திறந்து மூடும் வேலையில் பின்னிரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிவது வேறொன்று: டிஎல்சி வகையா (ஒரு செல்லில் மூன்று பிட்), க்யூஎல்சி வகையா (நான்கு பிட்) என்பது. க்யூஎல்சி, பாதி நிறைந்த பிறகு பெரிய கோப்பை எழுதும்போது ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கே இறங்கிவிடக் கூடும். பல கொட்டேஷன்களில் "512 ஜிபி எஸ்எஸ்டி" என்று மட்டும் இருக்கும். பெட்டியைத் திறந்தால் பெயர் தெரியாத ஒன்று இருக்கும்.

ஆகவே எழுத்தில் வர வேண்டியவை: பிராசசரின் முழு எண், ரேம் வகை, குச்சி எண்ணிக்கை, காலியாக இருக்கும் ஸ்லாட், எஸ்எஸ்டியின் மாடல் எண், டிஎல்சி என்ற சொல், விண்டோஸ் ப்ரோவா ஹோமா (ஹோமை டொமைனில், அதாவது எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அலுவலக நெட்வொர்க்கில், சேர்க்க முடியாது), வாரன்ட்டி எத்தனை ஆண்டு, ஆள் உங்கள் இடத்துக்கு வந்து பார்ப்பாரா, நீங்கள் சுமந்து போக வேண்டுமா, ரேம் கூட்டினால் வாரன்ட்டி போகுமா. கெட்டுப்போன டிஸ்க்கைத் திருப்பித் தராமல் நீங்களே வைத்துக்கொள்ளும் உரிமையும் வேண்டும். கணக்கு விவரம் இருக்கும் டிஸ்க் சர்வீஸ் சென்டருக்குப் போகக் கூடாது.

மாடல் எண்ணிக்கையைக் குறையுங்கள். டெஸ்க்டாப் ஒரு மாடல், லேப்டாப் ஒரு மாடல், வடிவமைப்புக்கு ஒன்று, அவ்வளவுதான். அதே மாடலில் இரண்டு மூன்று கூடுதலாக வாங்கி அலமாரியில் வைத்தால், ஒன்று படுத்தாலும் வேலை நிற்காது.

மீரா:

பழையவற்றைப் பற்றி இளங்கோ சார் தொடவில்லை, அதை மட்டும் சொல்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நிறுவனங்கள் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுகளைக் காசு கொடுத்து 2028 அக்டோபர் வரை வாங்கலாம். ஆண்டுதோறும் விலை இரட்டிப்பாகும். ஆகவே அது மாற்றி முடிக்கும் வரைக்கான அவகாசமே தவிர தீர்வு ஆகாது.

6, 7-ஆம் தலைமுறைக் கணினிகள் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரிக்கும் பட்டியலில் இல்லை (ஓரிரு விதிவிலக்கு தவிர). குறுக்கு வழியில் ஏற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். அலுவலகத்தில் அதைச் செய்யாதீர்கள், பெரிய அப்டேட் எப்போது மறுக்கும் என்று சொல்ல முடியாது. முதலில் மாற்ற வேண்டியவை இவைதான். 8 முதல் 10 வரை உள்ளவற்றில் எஸ்எஸ்டியும் ரேமும் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் தாராளமாக ஓடும். உங்கள் பாதிக் கணினிகளுக்குப் புதுசு வாங்கவே தேவைப்படாமல் போகலாம்.

ஆனால் அவற்றில் ஒரு சிக்கல் வரும். தகுதியான பிராசசர் இருந்தும் "இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது" என்று காட்டும். ஸ்டார்ட் மெனுவில் எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டி, பயாஸ் மோடு (பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்னால் கணினியைத் தொடக்கி வைக்கும் மென்பொருள்) என்ற வரியைப் பாருங்கள். லெகசி என்று இருந்தால் காரணம் அதுதான். வரிசை தவறாமல் செய்ய வேண்டும். முழு பேக்கப். பிட்லாக்கர் (டிஸ்க்கைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி) இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை வேறோரிடத்தில் எழுதி வைத்துவிட்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். பிறகு டிஸ்க்கின் பழைய பிரிப்பு முறையைப் புதியதாக மாற்றும், விண்டோஸுடனே வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியை முதலில் வேலிடேட் என்று மட்டும் ஓட்டிப் பார்த்து, பிழை இல்லையென்றால் கன்வெர்ட். அதற்குப் பிறகுதான் பயாஸுக்குள் போய் லெகசிக்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ முறைக்கு மாற்றி, செக்யூர் பூட்டையும் (சரிபார்த்த மென்பொருளை மட்டும் தொடங்கவிடுவது) டிபிஎம்-ஐயும் (சாவிகளைப் பாதுகாக்கும் பாதுகாப்புப் பகுதி) ஆன் செய்ய வேண்டும். இன்டெலில் டிபிஎம், பிடிடி என்ற பெயரில் ஒளிந்திருக்கும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம். பயாஸை முதலில் மாற்றினால் கணினி பூட் ஆகாது. பதறாமல் பழைய அமைப்புக்கே திரும்புங்கள், டேட்டா எங்கும் போயிருக்காது. டிஸ்க்கில் நாலு பிரைமரி பார்ட்டிஷன் இருந்தால் வேலிடேட்டே தோற்கும். ஒன்றைக் குறைக்க வேண்டும்.

எஸ்எஸ்டிக்கு மாற்றப் போகும் கணினிகளில் இத்தனை வேலை எதற்கு என்றும் கேட்கலாம். நியாயம்தான். பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து குளோன் செய்வதை விட, பயாஸை மாற்றிவிட்டு எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக ஏற்றுவது சுத்தம். மேலே சொன்ன வழி, மறுபடி நிறுவ முடியாத பழைய மென்பொருள் இருக்கும் கணினிகளுக்கு. குளோன் செய்வதானால் அதற்கு முன் டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் விவரத்தில் "ரீஅலோகேட்டட்", "பெண்டிங்" செக்டர் எண்களை (கெட்ட பகுதிகளின் கணக்கு) பாருங்கள். பூஜ்யம் இல்லையென்றால் முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். சாகப்போகும் டிஸ்க்கை மணிக்கணக்கில் குளோன் செய்யவிட்டால் நடுவழியில் நின்றுவிடும்.

கணினியைத் திறந்ததும் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்தால் பயாஸ் அமைப்பு அழியும், தேதி பின்னால் போகும். தேதி தவறினால் வங்கித் தளம் உட்பட எல்லாப் பாதுகாப்பான தளங்களும் சான்றிதழ் பிழை காட்டும். நெட்வொர்க் கோளாறு என்று நினைத்துத் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

பயாஸ் அப்டேட்டையும் தள்ளிப் போடாதீர்கள். செக்யூர் பூட்டுக்காக 2011-இல் வழங்கிய மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்களுக்கு 2026 ஜூன் முதல் காலாவதி தொடங்குகிறது. விண்டோஸ் அப்டேட்டோடு சில கணினிகளுக்கு உற்பத்தியாளரின் ஃபர்ம்வேரும் (பயாஸ் அப்டேட்) வேண்டியிருக்கும். அப்டேட் ஓடும்போது மின்சாரம் போகக் கூடாது, எனவே யுபிஎஸ்ஸில் இணைத்தே செய்யுங்கள்.

அன்வர்:

ஏஐ பிசி கேள்விக்கு. "ஏஐ பிசி" என்பதற்கு ஒரே வரையறை இல்லை. என்பியு என்ற, ஏஐ கணக்குகளுக்கான தனிச் சிப் பகுதி இருந்தாலே அந்த ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். மைக்ரோசாஃப்ட்டின் கோபைலட் பிளஸ் என்ற முத்திரைக்குத்தான் எண் உண்டு: என்பியு நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள், அதாவது 40 டாப்ஸ், அத்துடன் 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. கோர் அல்ட்ரா முதல் தலைமுறையின் என்பியு சுமார் 11 டாப்ஸ்தான். டெஸ்க்டாப் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசையில் 13. இரண்டும் "ஏஐ பிசி" என்றே விற்கின்றன, இரண்டுக்கும் அந்த முத்திரை கிடையாது. மூன்றாவது ஆளிடம் டாப்ஸ் எண்ணை எழுத்தில் கேளுங்கள்.

இன்று அது என்ன செய்கிறது? மீட்டிங்கில் பின்னணி மங்கலாக்குதல், நேரடி வசனம், படத் தேடல் போன்ற சில வேலைகளை பேட்டரியைக் குடிக்காமல் செய்கிறது. உங்கள் ஆட்கள் பிரௌசரில் பயன்படுத்தும் ஏஐ உரையாடல் சேவைகள் தொலைவில் இருக்கும் சர்வரில் ஓடுகின்றன. அவற்றுக்கு உங்கள் என்பியு தேவையே இல்லை. ரகசிய ஆவணங்களை வெளியே அனுப்பாமல் உள்ளேயே ஒரு மொழி மாதிரியை ஓட்ட நினைத்தால் முதலில் தட்டுவது ரேம். 800 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரி, 4 பிட்டாகச் சுருக்கினாலும் 5 ஜிபி அளவு இடம் கேட்கும். அதனால் லேப்டாப்பில் என்பியு கூடவே வந்தால் வரட்டும். அதற்காக டெஸ்க்டாப்பில் கூடுதல் விலை தர வேண்டாம். அந்தப் பணத்தை மானிட்டரில் போடுங்கள். கணக்குப் பிரிவுக்கு 27 அங்குல 1440 பி மானிட்டர் ஒன்று போட்டால் அன்றே பலன் தெரியும்.

மூன்றாவது கொட்டேஷனில் ஸ்னாப்டிராகன் பிராசசர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஏஆர்எம் வகை. பேட்டரி அருமையாக நிற்கும். இன்டெலுக்கு எழுதிய சாதாரண மென்பொருளை எமுலேஷனில் ஓட்டிவிடும். ஓட்ட முடியாதது டிரைவர். பழைய பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, விபிஎன், கணக்கு மென்பொருளின் லைசென்ஸ் டாங்கிள் (உரிமத்தைச் சரிபார்க்கச் செருகும் சிறு கருவி), இவற்றுக்கு ஏஆர்எம் டிரைவர் தனியாக இருந்தால்தான் வேலை நடக்கும். மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரு லேப்டாப்பை வரவழைத்து, உங்கள் கருவிகள் ஒவ்வொன்றையும் செருகிப் பாருங்கள்.

கயல்:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். லேப்டாப் 18-க்கும் டாக் (மானிட்டர், கீபோர்ட், சார்ஜ் எல்லாவற்றையும் ஒரே கேபிளில் சேர்க்கும் பெட்டி) வாங்க நினைக்கிறோம். யுஎஸ்பி-சி இருந்தால் எந்த டாக்கும் சேருமா? இன்னொன்று, டெஸ்க்டாப்களுக்கு "600 விஏ யுபிஎஸ் போதும், ஒன்றில் மூன்று போடலாம்" என்கிறார்கள். சரியா?

இளங்கோ:

டாக்: சேராது. யுஎஸ்பி-சி என்பது செருகும் வாயின் வடிவம் மட்டுமே. அதன் பின்னால் வெறும் 5 ஜிகாபிட் டேட்டா மட்டும் இருக்கலாம், 40 ஜிகாபிட் யுஎஸ்பி4-உம் இருக்கலாம். மானிட்டருக்குப் படம் போக டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு வேண்டும், சார்ஜ் ஏற பவர் டெலிவரி வேண்டும். விலை குறைந்த லேப்டாப்களில் இவை இரண்டுமே இல்லாமல் போகலாம். லேப்டாப்போடு வரும் சார்ஜர் எத்தனை வாட் என்று பார்த்து அதற்குக் குறையாத டாக் வாங்குங்கள். 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 45 வாட் கொடுத்தால் சார்ஜ் ஏறுவது போலவே காட்டும், மாலைக்குள் பேட்டரி இறங்கியிருக்கும். நாள் முழுவதும் டாக்கிலேயே கிடக்கும் லேப்டாப்களில் பயாஸில் சார்ஜ் வரம்பை 80 சதவீதமாக வையுங்கள். இல்லையென்றால் பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கக் கூடும். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, உடனே பயன்பாட்டை நிறுத்த வேண்டும்.

ராகவன்:

யுபிஎஸ்: விஏ-வைப் பார்க்காதீர்கள், வாட்டைப் பாருங்கள். மலிவு ரகத்தில் 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட். தனி கிராஃபிக்ஸ் இல்லாத டெஸ்க்டாப், வேலையில் 30 முதல் 60 வாட், உச்சத்தில் 100-ஐத் தொடும். 24 அங்குல மானிட்டர் 20 முதல் 25. மூன்று ஜோடி உச்சத்தில் 375. கணக்குப்படியே அதிகம், மின்சாரம் போன நொடியில் யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணையும். ஒன்றுக்கு இரண்டு ஜோடி போதும், அதுவும் சேமித்து மூடும் நேரத்துக்குத்தான்.

லேசர் பிரிண்டரை அதில் செருகவே கூடாது. உள்ளே டோனரை உருக்கும் பகுதி சூடேறும்போது எண்ணூறு, ஆயிரம் வாட் என்று இழுக்கும். வடிவமைப்புப் பிரிவின் கணினிகளுக்குத் தூய சைன் அலை தரும் யுபிஎஸ் வாங்குங்கள்; ஆக்டிவ் பிஎஃப்சி பவர் சப்ளைகளில் சில, மலிவு யுபிஎஸ்ஸின் படிக்கட்டு அலைக்கு மாறும் நொடியில் அணைந்துவிடும். பேட்டரியை 3 முதல் 5 ஆண்டுக்குள் மாற்ற வேண்டும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும், ஆகவே மேசைக்கடியில் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். வாங்கிய தேதியை யுபிஎஸ் முதுகிலேயே எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேலையைச் சேமித்துவிட்டு, சுவிட்சை அணைத்துத் தாங்குகிறதா என்று பாருங்கள்.

மீரா:

ஒன்று விட்டுப்போயிற்று, கழிக்கப்போகும் கணினிகள். க்விக் ஃபார்மட் செய்தால் டேட்டா அழியாது. ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் ஒருமுறை மேலெழுத வேண்டும். எஸ்எஸ்டிக்கு அது பொருந்தாது. எழுதும் இடத்தை உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் மாற்றிக்கொண்டே இருப்பதால் பழைய துண்டுகள் மிஞ்சும். காந்தத்தால் அழிக்கும் கருவியும் எஸ்எஸ்டியிடம் செல்லாது. பயாஸிலோ உற்பத்தியாளரின் கருவியிலோ இருக்கும் செக்யூர் இரேஸ் கட்டளையைப் பயன்படுத்துங்கள். ஓடாத டிஸ்க் என்றால் உடைத்துவிடுங்கள். சீரியல் எண், அழித்த முறை, தேதி, கையொப்பம் நான்கும் ஒரு தாளில் வர வேண்டும். புதியவற்றில் முதல் நாளிலிருந்தே பிட்லாக்கர் போட்டு, சாவிகளை ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். நாளை லேப்டாப் தொலைந்தாலும் டிஸ்க் செத்தாலும் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது.

கயல்:

புரிந்தது. நாளை டாஸ்க் மேனேஜர் அளவுகளை எடுத்துவிட்டு, 8-ஆம் தலைமுறையும் அதற்கு மேலும் இருப்பவற்றைத் தனியாகப் பிரிக்கிறேன். புதுசு எத்தனை என்பது அதற்குப் பிறகுதான். திருத்திய கொட்டேஷனை இங்கேயே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.